நீலக் கரை கட்டிய மூட்டைகள்

என் மாமனார் தினமும் காலையில் பல் விளக்கி முடித்ததும் "நாடு போச்சு" என்பார். காப்பி ஆறியிருந்தால் நாடு போச்சு. பேருந்து ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் நாடு போச்சு. புதிதாக வாங்கிய பிளேடு மூன்றாம் நாளே மழுங்கிவிட்டால், வெள்ளைக்காரன் காலத்து பிளேடைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு, அப்புறம் நாடு போச்சு. என் வீட்டுக்காரர் பொள்ளாச்சியில் தைத்துக்கொண்டு வந்த பெல்பாட்டத்தைப் பார்த்த அன்று மட்டும் இரண்டு தரம் சொன்னார், காலுக்கு ஒன்று வீதம். கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டு ஏதோ சாவுச் செய்தி என்று பதறிப் போவேன். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. சொல்லாத நாளில்தான் மாமாவுக்கு உடம்புக்கு என்ன என்று அத்தையிடம் கேட்பேன்.

அவர் சண்டைக்குப் போய் வந்தவர். ஜப்பான்காரன் பர்மா வரைக்கும் வந்துவிட்ட வருடங்களில் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். திரும்பி வரும்போது ஒரு காக்கிக் கோட்டு, பட்டாளத்துக்காரர்கள் சாப்பிடும் ஒரு அலுமினிய டப்பா, இவற்றோடு ஒரு வண்டி பழக்கங்களையும் கொண்டுவந்தார். விடியும் முன்னே சவரம். படுக்கையைச் சதுரமாக மடிப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக வரிசை. ரேஷன் கடையில் ஒரே ஒரு ஆள் நின்றால்கூட இவர் அவருக்குப் பின்னால் ஒரு கை நீளம் இடம் விட்டு விறைப்பாக நிற்பார். யாருமே இல்லாவிட்டாலும் கொஞ்சம் தள்ளி நின்று கடைக்காரர் கூப்பிட்ட பிறகுதான் முன்னே போவார். கோட்டை வருடத்துக்கு ஒரு தரம் வெயிலில் காயப் போடுவார். டப்பா மட்டும் அவருடைய பெட்டிக்கு அடியிலேயே கிடக்கும். அதில் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். எழுபதுகளின் தொடக்கத்தில், கேரள எல்லைக்குள் இருக்கும் எருத்தேன்பதிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தேன். தாலி ஏறியபோது ஒரு மாநிலம் மாறியது என்பது எனக்கு முதலில் உறைக்கவில்லை. பேச்சு அதே பேச்சு, நிலக்கடலைக் காடும் தென்னந்தோப்பும் அப்படியேதான் இருந்தன. வேறுபாடு சோற்றில் தெரிந்தது. எங்கள் தோட்டத்து மண்ணில் நெல் விளையாது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு அரிசியைக் கேரளத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று சட்டம். ஆகவே இங்கே ரேஷன் அரிசிதான். அதை உலையில் போட்டால் கோணிச்சாக்கைப் பிழிந்த மாதிரி ஒரு வாசம் தெரு வரைக்கும் வரும். இரண்டு மைல் தாண்டினால் எங்கள் அப்பன் வீட்டுப் பக்கத்துச் சந்தையில் மல்லிகைப்பூப் போல அரிசி குவிந்து கிடக்கும். நடுவே ஒரு மூங்கில் கட்டையும், ஒரு ஓலைக் கொட்டகையும், அதற்குள் ஒரு ஆபீசரும். அதுதான் செக்போஸ்ட்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தக் கட்டை ஒரு பொருட்டே இல்லை. பழைய சேலையைக் கிழித்து முழ நீளக் குழாய்களாகத் தைத்து, அதில் அரிசியைக் கொட்டி, இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மேலே சேலையை உடுத்திவிடுவார்கள். ஐந்தாறு படி அரிசி வயிற்றோடு வரும். அந்த வருடங்களில் பேருந்தில் தமிழ்நாட்டிலிருந்து வரும் பெண்களில் பாதிப் பேர் ஏழு மாதக் கர்ப்பிணிகள். எங்கள் ஊருக்குள் இறங்கி அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் சுகப்பிரசவம். அறுபது வயதுக் கிழவி ஒருத்தியும் மூன்று வருடம் விடாமல் கர்ப்பமாக இருந்தாள். ஆபீசருக்கும் தெரியாமலா இருக்கும்? பெண்களை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று விட்டுவிடுவார். நான் தைத்த குழாய் மட்டும் பிரியவே பிரியாது என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. நல்ல சோறு தின்ன ஆசைப்பட்டது ஒரு குற்றமா?

மாமனாரைப் பொறுத்தவரை குற்றந்தான். எங்கள் சமையலறையில் இரண்டு பானை. ஒன்றில் அவருக்கு மட்டும் ரேஷன் அரிசி, இன்னொன்றில் எங்கள் எல்லோருக்கும் பொள்ளாச்சி அரிசி. அவர் சாப்பிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போன பிறகுதான் நாங்கள் எங்கள் பானையைத் திறப்போம். அவருக்கு இது தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறார் என்று அத்தை சொல்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது என் கொழுந்தியாளுக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் தங்கைக்கு, ஆனைமலைப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம், நல்ல பையன். அந்த வீட்டார் வயிறாரச் சாப்பிடுகிறவர்கள், சாப்பாட்டில் குறை கண்டால் நான்கு ஊருக்குச் சொல்கிறவர்கள். எங்கள் வீட்டு வாசலில் கல்யாணம், மூன்று நாள் பந்தி. அரிசிக்கு எங்கே போவது என்று அத்தை மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"கண்ணாலத்துக்குன்னு எழுதிக் கேட்டா சர்க்கார் அரிசி குடுப்பாங்க. பெர்மிட்டு வாங்கிக்கலாம்" என்றார் மாமனார்.

"அவிய எத்தன குடுத்தறப் போறாங்க? பத்தாத போனா?"

"பத்தாத போனாக் களி கிண்டு. ராயி இல்லியா, சோளம் இல்லியா?"

"கண்ணாலத்துல களியா! மாப்ளயூட்டுக்காரங்க நம்மள என்னன்னுங்க நெனப்பாங்க?"

"வவுத்துக்குப் போட்டு அனுப்புனாங்கன்னு நெனப்பாங்க." அப்புறம் எங்கள் எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதக் கேட்டுக்குங்க. என்ற ஊட்டுக் கண்ணாலத்துல கடத்துன அரிசி ஒரு பருக்க வெந்துதுன்னு தெரிஞ்சுது, நா தாரை வாக்க வரமாட்டேன். தோட்டத்துல போயி உக்காந்துக்குவேன்."

என் வீட்டுக்காரருக்கு உடனே பம்புசெட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தால் அவருக்கு எப்போதும் பம்புசெட்டு ஞாபகம் வரும்.

கொழுந்தியாள் அன்று சாயங்காலம் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுதாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவது, பெண்ணை வழியனுப்புவதைத் தாட்டி விடுவது என்பது. "எங்கப்பா சொன்னாச் செஞ்சு போடுவாரு, நங்கையா. தாரை வாக்க அப்பன் இல்லாம என்னிய யாரு தாட்டி உடுவா? அப்புடியொரு கண்ணாலம் எனக்கு வேண்டவே வேண்டாம்" என்றாள். ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தலைகுனிவு, இன்னொரு பக்கம் அப்பன் இல்லாத மணவறை. அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு மாமனார்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாடு போனால் போகட்டும், பெற்ற பெண்ணின் கண்ணீரைப் பார்க்க மாட்டாரா இந்த மனுஷன் என்று மாடுகளிடம் சத்தமாகவே கேட்டேன்.

மாமனார் மலையாளத்தில் மனு எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார். போனார், வரிசையில் நின்றார், வந்தார். மறுபடி போனார். செருப்பு தேய்ந்த பிறகு ஒரு காகிதம் வந்தது. கல்யாணத்துக்காக ஒரு மூட்டை அரிசி, உள்ளூர் ரேஷன் கடையில் சரக்கு இருப்பில் இருந்தால் தரலாம் என்று அதில் எழுதியிருந்தது. ரேஷன் கடைக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். கடையில் அப்போது இருந்தது மண்ணெண்ணெய் மட்டும்தான். மாமனார் அசரவில்லை. சர்க்கார் கையெழுத்துப் போட்டிருக்கிறது, அதற்குள் அரிசி வந்துவிடும் என்று காகிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நாடு போச்சு என்று தினமும் சொல்கிறவருக்கு நாட்டின் கையெழுத்தில் அத்தனை நம்பிக்கை.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கடத்தல் அரிசியைக் கொண்டுவந்து ஒளித்து வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் ரேஷன் கடையிலிருந்து வந்துவிட்டது என்று சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு மூட்டைதானே காகிதத்தில் என்று கேட்டால், சர்க்கார் மனம் இரங்கிக் கூடக் கொடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு மாதம். நானும் சொந்தக்காரப் பெண்கள் நான்கு பேரும் வாரத்துக்கு ஒரு தரம் இரண்டு தரம் என்று கர்ப்பமானோம். சந்தைக்கு, சாவுக்கு, சடங்குக்கு என்று போவதும் வயிற்றோடு வருவதுமாக மூன்று மூட்டை சேர்ந்தது. கடலை போட்டு வைக்கும் அறையில் மூட்டைகளை நிறுத்தி, மேலே கடலைத் தோலை மலைபோல் கொட்டி மூடினேன். தூசுக்கு இருமல் வரும் என்று மாமனார் அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை. மூட்டைகளின் வாயைக் கட்டக் கயிறு கிடைக்காமல், கிழிந்துபோன என் நீலச் சேலையின் கரையைக் கிழித்துக் கட்டினேன். எனக்கு அதில் பெருமை வேறு.

பட்டாளத்துக்காரருக்கு மருமகளாக வந்து ஐந்து வருடம் ஆகியும் ஒன்றை மறந்துவிட்டேன். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவர் வீடு முழுக்கச் சோதனை போடுவார். பட்டாளத்தில் மேலதிகாரி வந்து பார்ப்பாராமே, அதே மாதிரி. பாத்திரங்களை வரிசையாக வைக்க வேண்டும், சுண்ணாம்பு எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று குச்சியால் காட்டுவார். எல்லா அறையும் முடிந்து, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு கடலை அறைக்குள்ளும் நுழைந்தார். கடலைத் தோல் குவியலில் குச்சியைக் குத்தினார். கடலைத் தோலில் குச்சி முழுக்க இறங்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டது.

தோலைக் காலால் தள்ளினார். நீலக் கரை தெரிந்தது. மூன்று மூட்டையிலும் நீலக் கரை. என் கையெழுத்தைப் போட்டு வைத்திருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நாடு போச்சு என்றாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் வெளியே போய் மாடுகளை வண்டியில் பூட்டினார். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினார். உள்ளே போய்க் காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க மாமா, எங்கீங்க?" என்றேன்.

"செக்போஸ்ட்டுக்கு. ஒப்படைச்சுப் போட்டு வாரேன்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "அட கெரகமே! மகளத் தாட்டி உடற நேரத்துல இவரு ஜெயிலுக்குப் போறாரே! ஏனுங்க, புடிச்சு வெச்சுக்கிட்டா நாளானிக்கித் தாரை யாருங்க வாப்பா?" கொழுந்தியாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் அவளைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினார்.

கொண்டுவந்தது நான். அவரை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டினேன். என்ன பிடிவாதம் இது, எந்தக் காலத்துச் சண்டையை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருமிக்கொண்டே போனேன்.

செக்போஸ்ட்டில் ஒரு தேங்காய் லாரியும் வைக்கோல் வண்டியும் நின்றிருந்தன. மாமனார் அவற்றுக்குப் பின்னால், ஒரு கை நீளம் விட்டு, வண்டியை நிறுத்தினார். அவை இரண்டும் சீட்டுக்காக ஓரம் ஒதுங்கி நின்றதும், தன் முறைக்கு இறங்கி ஆபீசர் முன்னால் விறைப்பாக நின்றார். ஆபீசர் மலையாளி, சின்ன வயது, நல்ல முகம். அந்தக் கட்டைக்குக் கேரளப் பக்கத்திலிருந்து அரிசி வந்து நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்தா காரணவரே இது?" என்று கேட்டார். காரணவர் என்றால் மலையாளத்தில் பெரியவர்.

"கடத்துன அரிசிங்க. ஒப்படைக்க வந்திருக்கறேன்."

"ஆரு பிடிச்சது?"

"நாந்தான்."

"எங்க பிடிச்சது?"

"என்ற ஊட்ல."

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். பிடித்தால் எழுதுவதற்குத் தாள் இருக்கிறது, தானே கொண்டுவந்து கொடுத்தால் எழுதுவதற்குத் தாள் கிடையாது என்று பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் கெஞ்சினார். பேசாமல் வீட்டுக்குக் கொண்டு போங்கள், நான் எதையும் பார்க்கவில்லை என்றார். மாமனார் அசையவில்லை. "நீங்க பாத்துட்டீங்களே" என்றார். அந்த ஆபீசரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து பேருந்து வந்து நின்றது. வழக்கம்போல ஏழெட்டுக் கர்ப்பிணிகள் இறங்கினார்கள். அரிசி மூட்டையும், பட்டாளக் கோட்டும், ஆபீசரும், நடுவே நானும். அவர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஊரையே காட்டிக்கொடுக்க மாமனார் வந்திருக்கிறார் என்று நினைத்து ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். எங்கள் ஊர்க் கூலிக்காரப் பெண் ஒருத்தி, மூன்று குழந்தைக்காரி, கல் தடுக்கி விழுந்தாள். அவள் இடுப்புத் துணி பிரிந்து ரோடு முழுக்க அரிசி கொட்டியது. அது நான் தைத்துக் கொடுத்த குழாய் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவள் உட்கார்ந்தபடியே முகத்தை மூடிக்கொண்டாள். பேருந்திலிருந்து இறங்கிய ஆட்கள் அரிசியை மிதித்துக்கொண்டு நடந்தார்கள்.

"மிதிக்காதீங்க!" என்று மாமனார் போட்ட சத்தத்தில் வைக்கோல் வண்டி மாடு மிரண்டது. அவர் ஓடிப்போய் ரோட்டில் மண்டியிட்டார். தோளில் கிடந்த துண்டை விரித்து, இரண்டு கையாலும் அரிசியைக் கூட்டிக் கூட்டி அள்ளினார். அள்ள வராததை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார். மண்ணை ஊதினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் எதிரே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்.

"சண்டக் காலத்துப் பஞ்சத்துல, கல்கத்தாவுக்கு அக்கட்டால ரோட்டோரத்துல உக்காந்திருப்பாங்க. பொம்பளைங்க, கொழந்தைங்க. நாங்க லாரில அரிசி ஏத்திட்டுப் போவோம். அவிய சோறு கேக்க மாட்டாங்க. கேட்டாக் கெடைக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. சோறு வடிச்ச தண்ணி இருந்தா ஊத்துங்கன்னு டப்பாவ நீட்டுவாங்க. வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு. நா நிறுத்துல."

கொஞ்ச நேரம் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

"எங்கூட வந்தவன் ரெண்டு மூட்டய எறக்கி ஒரு யாவாரிக்கு வித்துப் போட்டான். அந்தாளு வெல ஏறட்டும்னு பதுக்கி வெச்சுக்கிட்டான். எனக்குத் தெரியும். நா வாயத் தொறக்குல. நாலு நாள் கழிச்சு அதே வழியில திரும்பி வந்தேன். டப்பா மட்டும் கெடந்துது."

பெட்டிக்கு அடியில் கிடந்த அலுமினிய டப்பா என் நினைவுக்கு வந்தது. அது பட்டாளத்தில் கொடுத்தது என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அரிசி முழுக்கத் துண்டில் சேர்ந்ததும் மாமனார் எழுந்தார். அதை ஆபீசரிடம் கொடுப்பார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நேரே அந்தக் கூலிக்காரப் பெண்ணிடம் போய் அவள் மடியில் கொட்டினார். "மண்ணிருக்குது. நல்லாக் களைஞ்சுபோட்டு ஆக்கு, அம்மிணி" என்றார்.

ஆபீசர் அந்தப் பக்கம் திரும்பித் தேங்காய் லாரியில் எதையோ மும்முரமாகப் பார்த்தார். அப்புறம் மேசைக்கு வந்து எழுத ஆரம்பித்தார். "ரோட்டோரத்தில் ஆளில்லாமல் கிடந்த அரிசி, மூன்று மூட்டை" என்று எழுதியதை வாசித்துக் காட்டினார்.

"பொய்யி எழுதாதீங்க. ஆளிருக்குது" என்றார் மாமனார்.

"காரணவரே, உள்ளத எழுதினா ஆரு கொண்டுவந்ததுன்னு எழுதணும்." ஆபீசர் என்னைக் கண்ணால் காட்டினார். "இந்தப் பெண்குட்டியத்தான் கொண்டுபோகணும். வீட்டில கல்யாணம்னு கேள்விப்பட்டேன்."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. நான்தான் கொண்டுவந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோட்டுப் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே நின்றார். வாழ்நாளில் ஒரு பொய்க் காகிதத்தில் கைவைக்காத மனுஷன்.

"ஆளில்லைன்னே எழுதுங்க" என்றார்.

திரும்பி வரும்போது என்னை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார். கொஞ்ச தூரம் போன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க மாமா, அந்தப் புள்ளை கொண்டாந்தது மட்டும் கடத்தலில்லீங்களா?"

"அது அவ ஊட்டு ராத்திரிச் சோறு. நாம கட்டி வெச்சது மூட்டை" என்றார்.

வேடிக்கை மறுநாள் நடந்தது. பிடிபட்ட அரிசியைப் பக்கத்து ரேஷன் கடைக்கு அனுப்புவது வழக்கமாம். எங்கள் கடைக்கே அனுப்பிவிட்டார் ஆபீசர். கடைக்காரர் ஓடிவந்து, ஸ்டாக் வந்துவிட்டது, காகிதத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். மாமனார் பெட்டியைத் திறந்து பெர்மிட்டை எடுத்துக்கொண்டு போய், ஊரே நின்ற வரிசையில் கடைசி ஆளாகக் கை நீளம் விட்டு நின்று, ஒரு மூட்டை அரிசியை வாங்கிக்கொண்டு வந்தார். மூட்டை வாயில் என் நீலக் கரை கட்டியபடியே இருந்தது. நானும் கொழுந்தியாளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தோம். மீதி இரண்டு மூட்டை ஊருக்கு ரேஷனாகப் போனது. அந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கோணிச்சாக்கு வாசம் இல்லை.

"சர்க்கார் குடுக்கும்னு நாஞ் சொன்னனா இல்லியா?" என்று மாமனார் அத்தையிடம் கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்தான் கேட்டார். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளை வேட்டியில் மணவறை முன்னால் நின்று மாமனார் தாரை வார்த்தார். கொழுந்தியாள் அழுதுகொண்டே சிரித்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்த ஒறம்பரைக்கும் சோறு. எங்கள் ஆட்களுக்கெல்லாம் ராகிக் களியும் கீரைக் கடைசலும். மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கத்து இலையில் களியைப் பார்த்துவிட்டு அதைத்தான் எனக்குப் போடு என்று அடம்பிடித்து இரண்டு உருண்டை வாங்கிச் சாப்பிட்டார். அத்தை பயந்த தலைகுனிவு எங்கள் வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் விசித்திரமாக இருந்தது. அண்டாவில் சோறு வடிக்க வடிக்க, அந்த வடிகஞ்சியை ஒரு பெரிய மண்பானையில் ஊற்றி, உப்புப் போட்டு, வாசல் வாழைமரத்துக்கு அருகே வைக்கச் சொன்னார் மாமனார். பெட்டிக்கு அடியிலிருந்து அந்த அலுமினிய டப்பாவை எடுத்துக் கழுவிப் பானைமேல் கவிழ்த்து வைத்தார். யாராவது கேட்டு வந்தால் ஊற்ற வேண்டுமாம். கல்யாண வீட்டில் பந்தியை விட்டுவிட்டுக் கஞ்சித் தண்ணி கேட்டு எவன் வருவான் என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். நான் அவரைப் பேசாமல் போகச் சொன்னேன். என்னையும், நான் சொல்லித் தெரிந்துகொண்ட அத்தையையும், அன்று பக்கத்தில் நின்று கேட்ட ஆபீசரையும் தவிர வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. ஆமாம், ஆபீசரும் வந்திருந்தார். மாமனாரே போய் அழைத்திருந்தார்.

வேலைக்கு நடுவே மாமனார் அடிக்கடி வாசலுக்குப் போய் வந்தார். "யாராச்சும் வந்தாங்களா, அம்மிணி?" என்று என்னைக் கேட்பார். "இல்லீங்க மாமா" என்பேன். பந்தி ஓய்ந்தது. வெளியே பொறுக்கித் தின்னும் நாய்கூட இலையில் பாதியை விட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் மறுபடி வந்து கேட்டார்.

"ஒருத்தருங்கூட வரலீங்க மாமா."

பானைக்குள் எட்டிப் பார்த்தார். வைத்தபோது இருந்த மாதிரியே விளிம்பு வரைக்கும் ஆடை கட்டி நின்றது. மாட்டுக்கு ஊற்றிவிடச் சொன்னார். அன்று காலையிலிருந்து அவர் ஒரு தரம்கூட நாடு போச்சு என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டப்பாவைத் துண்டால் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். நான் அண்டாவைக் கழுவ ஆரம்பித்திருந்தேன். அடியில் ஒட்டிய சோறு கொஞ்சம் மீதி இருந்தது. இரண்டு கையாலும் டப்பாவை என் முன்னால் நீட்டினார்.

"இதுல சித்தெ சோறு போடு, அம்மிணி" என்றார்.